டோல் கட்டணம் யார் கையில் இருக்க வேண்டும்? சிலிம் ரிவர் மகஜருக்கு முன் சில கணக்குகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சிலிம் ரிவர் தவுனில் லாரி வைத்திருப்பவர்களும் பள்ளி வேன் ஓட்டுகிறவர்களும் காய்கறி, மளிகைக் கடைக்காரர்களும் சேர்ந்து டோல் கட்டணம் பற்றி அரசுக்கு ஒரு மகஜர், அதாவது கோரிக்கை மனு, கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். முதலில் எழுதிய நகலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: டோலைக் குறைக்க வேண்டும். இதற்குக் கையெழுத்துப் போட யாரும் தயங்க மாட்டார்கள். எந்த வழியில் குறைப்பது என்று கேட்டால்தான் சிக்கல். நாலைந்து வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பணம் வேறு வேறு பையிலிருந்து போகிறது. எந்த வழி நம் ஊருக்கு ஒத்துவரும் என்று பார்க்காமல் மகஜரைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "பரிசீலிக்கிறோம்" என்ற பதிலோடு கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

டோலைப் பற்றிப் பேச நம் ஊருக்கு இல்லாத உரிமை யாருக்கு? நாட்டின் முதல் டோல் சாலையே 1966-ல் தஞ்சோங் மாலிமுக்கும் சிலிம் ரிவருக்கும் இடையில் வந்ததுதான். பிறகு அந்த வசூல் நின்றது. இன்று கூட்டரசுச் சாலை 1-ல், அதாவது நாம் பழைய ரோடு என்று சொல்வதில், யாரும் காசு கேட்பதில்லை. கேட்பது பக்கத்தில் ஓடும் பிளஸ் நெடுஞ்சாலை, அதாவது பிளஸ் கம்பெனி நடத்தும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை. இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

இப்போது நடப்பது என்ன

கம்பெனிக்காரன் இஷ்டத்துக்கு ஏற்றுகிறான், கேட்பாரில்லை என்று காப்பிக்கடையில் பேசுவது வழக்கம். நடப்பு அப்படியில்லை. 1980-ல் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் அமைந்தது. 1984-ல் கூட்டரசுச் சாலைகள் (தனியார் நிர்வாகம்) சட்டம் வந்தது. அரசு உத்தரவு போட்டு அரசிதழில் வெளியிட்டால்தான் ஒரு கம்பெனி சாலையில் காசு வாங்க முடியும். ஆனால் எத்தனை காசு, எந்த வருடம் எத்தனை ஏறும் என்ற அட்டவணை குத்தகை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. அட்டவணைப்படி ஏற்ற வேண்டிய வருடம் வந்ததும் அரசு "வேண்டாம்" என்று சொல்லலாம். சொன்னால் வித்தியாசத்தை இழப்பீடாகக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும்.

அந்த ஒப்பந்தங்கள் வெகுகாலம் அரசாங்க ரகசியச் சட்டத்தின் பூட்டுக்குள் கிடந்தன. மக்கள் கட்டணம் கட்டினார்கள், ஏன் அந்தத் தொகை என்று படித்துப் பார்க்க வழியில்லை. 2009-ல்தான் சிலவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். பேரம் நடந்து முடிந்த பிறகு பேரச்சீட்டைக் காட்டுவதால் என்ன பயன் என்பது வேறு பேச்சு.

அடுத்து, நம் ஊரில் யார் டோல் கட்டுகிறார்கள்? தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிள்காரர்கள். பிளஸ் சாலையில் மோட்டாருக்கு டோல் கிடையாது. காருக்குக் கட்டுகிறவர்கள் யாரென்றால், கோலாலம்பூர், ஷா ஆலாம் பக்கம் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் அம்மா அப்பாவைப் பார்க்க வரும் பிள்ளைகள், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், கல்யாணம் காட்சிக்குப் போகிறவர்கள். இவர்களுக்கு டோல் ஒரு முணுமுணுப்பு. பிழைப்பே அதில் தொங்குவது லாரிக்காரருக்கு.

கட்டண வகுப்பு சக்கரத்தையும் அச்சையும் எண்ணிப் போடப்படுகிறது. இரண்டு அச்சு, நாலு சக்கரம் என்றால் கிளாஸ் 1, கார் கட்டணம். அதே இரண்டு அச்சு, பின்னால் இரட்டை டயர் போட்டிருந்தால் ஆறு சக்கரம் ஆகிவிடுகிறது, உடனே கிளாஸ் 2. மூன்று அச்சும் அதற்கு மேலும் கிளாஸ் 3. காய்கறி ஏற்றும் சின்ன லாரியில் சுமை தாங்கட்டும் என்று பின்னால் ஜோடி டயர் போடுவது சாதாரணம். பார்வைக்கு ஒரே அளவில் இரண்டு லாரிகள் டோல் சாவடியில் முன்னும் பின்னுமாக நின்றால், ஜோடி டயர்க்காரர் கையைக் கொஞ்சம் அதிகமாக நீட்ட வேண்டும். அந்த அதிகம் தக்காளி விலையில்தான் போய் உட்காரும். ஆகவே மோட்டாரில் போய்த் தக்காளி வாங்கும் அக்காவும் டோல் கட்டுகிறார், சீட்டு மட்டும் அவர் கைக்கு வருவதில்லை.

அரசியல்வாதிகள் பேசும் டோல் எப்போதும் கிளாஸ் 1 டோல். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் ஓரிரு நாள் தள்ளுபடி, இலவசம் என்று அறிவிப்பு வரும்போதும் பெரும்பாலும் அது கிளாஸ் 1-க்கு மட்டும்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஓட்டு காரில்தான் அதிகம் போகிறது. ஆனால் நம் மகஜரும் அதே பாட்டைப் பாடினால் நம் ஊருக்கு ஒன்றும் வந்து சேராது.

தடுத்து வைத்து இழப்பீடு கொடுப்பது

இதுதான் நடைமுறையில் இருக்கும் முதல் வழி. 2025 ஜூலையில் பிரதமர் அன்வார் 10 நெடுஞ்சாலைகளில் கட்டண உயர்வைத் தள்ளிவைப்பதாக அறிவித்தார். அதற்காக அரசு ஏற்கும் செலவு 50 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். கேட்பதற்கு இனிப்பு. காசு எங்கிருந்து வருகிறது? எல்லாருடைய வரியிலிருந்தும். நெடுஞ்சாலைக்குள் கால் வைக்காத சபாக்காரர், சரவாக்காரர் கட்டிய வரியும் அதில் இருக்கிறது, பால்மரக் காட்டில் மோட்டாரில் போகிற நம்மவர் கடையில் கட்டிய வரியும் இருக்கிறது. கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் தினமும் காரில் போகிறவருக்கு சிலிம் ரிவர் மோட்டார்க்காரர் உதவித்தொகை கொடுக்கிறார் என்று சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் கணக்கு அப்படித்தான்.

இந்த வழியில் இன்னொரு கோளாறு. தள்ளிவைத்தது ஒருநாள் வந்தே தீரும், வரும்போது குவியலாக வரும். டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலையில் 1 வெள்ளியாக இருந்தது 2007-ல் 1 வெள்ளி 60 காசு ஆனது, 2015-ல் 2 வெள்ளி 10 காசு. 2015 அக்டோபரில் ஒரே நாளில் 18 நெடுஞ்சாலைகளில் கட்டணம் ஏறியபோது எழுந்த கூச்சல் பலருக்கு நினைவிருக்கும். பிரான்சிலும் இதே கதைதான். அங்கே 2006-ல் நெடுஞ்சாலைகளைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். 2015-ல் அரசு கட்டணத்தை முடக்கியது. மக்கள் கைதட்டினார்கள். பிறகு அந்த முடக்கத்தின் நட்டத்தை ஈடுகட்ட 2019 முதல் 2023 வரை வழக்கமான உயர்வின் மேல் கூடுதல் உயர்வு போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள்.

மகஜரில் "கட்டணத்தை முடக்குங்கள்" என்று எழுதுவது சுலபம். நான் எழுதவே மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் இது தீர்வில்லை, தவணை.

குறைத்துவிட்டு வருடத்தை நீட்டுவது

இது நம் பிளஸ் சாலைக்கு நேரடியாக நடந்தது. 2020 பிப்ரவரி 1 முதல் கட்டணம் 18 விழுக்காடு குறைந்தது. காருக்குக் கிலோமீட்டருக்கு 13.6 காசாக இருந்தது 11.15 காசு ஆனது. நூறு கிலோமீட்டர் போனால் 13 வெள்ளி 60 காசுக்குப் பதில் 11 வெள்ளி 15 காசு, அதாவது ஒரு தே தாரேக் குடிக்கும் காசு மிச்சம். பதிலுக்கு 2038-ல் முடிய வேண்டிய குத்தகை 20 வருடம் நீண்டு 2058-க்குப் போனது. அதுவரை கட்டணம் ஏறாது என்பதும் ஏற்பாட்டில் உண்டு.

இதைக் கேட்டதும் பலர் "இன்றைக்கு இரண்டு வெள்ளி கொடுத்துவிட்டு நம் பேரப்பிள்ளை தலையில் கட்டிவிட்டார்கள்" என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான், ஆனால் முழுதாக இல்லை. விலைவாசி ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 2058-ல் அந்த 11 வெள்ளி 15 காசின் மதிப்பு 2020-ல் இருந்த 5 வெள்ளிக்குச் சற்று மேல்தான் இருக்கும். கட்டணம் அசையாமல் நிற்க மற்றதெல்லாம் ஏறினால் கட்டணம் தானாகச் சுருங்குகிறது. ஏறாத டோலைப் பேரப்பிள்ளை பெரிய பாரமாக நினைக்க மாட்டான்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். வரவு சுருங்கும்போது தார் விலை, கூலி, பாலம் பார்க்கும் செலவு எதுவும் சுருங்காது. சாலையை அகலப்படுத்தும் பணம் எங்கிருந்து வரும்? செடெனாக்கிலிருந்து சிம்பாங் ரெங்கம் வரை நாலு வழியை ஆறு வழியாக்கும் வேலை, 93.1 கோடி வெள்ளி மதிப்பில், 2024 பட்ஜெட் உரையில்தான் அறிவிக்கப்பட்டது. டோல் சாலையின் பெரிய வேலைகள் பட்ஜெட் மேடையிலிருந்து அறிவிக்கப்படும் பழக்கம் இனி கூடும் என்பது என் ஊகம். ஜொகூருக்கு வந்தது தஞ்சோங் மாலிம் பக்கம் எப்போது வரும் என்று பெருநாள் நெரிசலில் நின்று பார்த்தவர்கள் கேட்பார்கள்.

இந்த ஏற்பாட்டிலிருந்து நம் மகஜருக்கு ஒரு நேரடி முடிவு கிடைக்கிறது. பிளஸ் சாலையில் கார் கட்டணம் ஏறாது என்று ஏற்கெனவே எழுதி முடித்தாகிவிட்டது. அதற்காகக் கையெழுத்து வாங்கி அலைவது நடந்து முடிந்த கல்யாணத்துக்கு மொய் எழுதுவது மாதிரி.

வாங்கிவிடலாமே?

"அரசாங்கமே வாங்கிவிட்டால் டோலே வேண்டாமே" என்பது இளைஞர்கள் பக்கமிருந்து வரும் குரல். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், பிளஸ் ஏற்கெனவே ஒரு வகையில் நம் கையில்தான் இருக்கிறது. 2011-ல் யுஇஎம் குழுமமும் ஊழியர் சேமநிதி வாரியமும் (இபிஎஃப்) சேர்ந்து சுமார் 2,300 கோடி வெள்ளிக்கு அதை வாங்கின. யுஇஎம் பங்கு 51 விழுக்காடு, சேமநிதி பங்கு 49. யுஇஎம்முக்குப் பின்னால் இருப்பது அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா.

ஆக, தோட்டத்தில் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் இபிஎஃப் பணத்தின் ஒரு துளி அந்தத் தாரில் கிடக்கிறது. டோல் கூடினால் கார் ஓட்டும் மகன் முனகுவான், குறைந்தால் அம்மாவின் ஓய்வுக்கால லாப ஈவு கொஞ்சம் இளைக்கும். ஒரே வீட்டில் இடது பையிலிருந்து வலது பைக்கு. டோலை அடியோடு ஒழிக்கச் சொல்கிறவர்கள், சேமநிதிக்கு அந்த 49 விழுக்காட்டுக்கு என்ன விலை கொடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இலவசமாக எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்தால் அது நம் கிழவர்களின் பணம்.

ஒழித்ததும் உண்டு. 2018 ஜனவரி 1 முதல் பத்து தீகா, சுங்கை ராசாவ், புக்கிட் காயு ஹீத்தாம் சாவடிகளில் வசூல் நின்றது. 2019-ல் பினாங்குப் பாலங்களில் மோட்டார் சைக்கிள் டோல் எடுக்கப்பட்டது. இவை நல்ல காரியங்கள். ஆனால் அங்கேயெல்லாம் சாலை பராமரிப்பு தேவதை செய்கிற வேலையில்லை. வசூல் போனாலும் செலவு போவதில்லை, அரசுக் கணக்குக்கு மாறுகிறது.

இதைவிடச் சுவாரசியமானது 2022-ல் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்தது. அமானாட் லெபுராயா ராக்யாட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு கெசாஸ், ஸ்பிரிண்ட், டாமன்சாரா–பூச்சோங், ஸ்மார்ட் ஆகிய நாலு சாலைகளையும் சுமார் 548 கோடி வெள்ளிக்கு எடுத்துக்கொண்டது. பணம் சுக்குக் என்ற இஸ்லாமியக் கடன் பத்திரம் போட்டுத் திரட்டியது. கட்டணம் அப்படியே நிற்கும், வரும் பணம் பராமரிப்புக்கும் கடனுக்கும் போகும், கடன் தீர்ந்ததும் சாலை அரசிடம் திரும்பும். பங்குதாரருக்கு லாபம் என்ற பங்கே இல்லை. வண்டி அதிகம் ஓடினால் கடன் சீக்கிரம் தீரும், குத்தகையும் சீக்கிரம் முடியும்.

சிலி நாட்டில் 1998-லேயே இந்த யோசனையை ஏலத்தில் வைத்துப் பார்த்தார்கள். சாந்தியாகோவிலிருந்து வால்பராய்சோவுக்குப் போகும் ரூட்டா 68 சாலைக்கு, "எத்தனை வருடம்" என்று கேட்காமல் "மொத்தம் எவ்வளவு வசூல் வந்தால் போதும்" என்று கேட்டார்கள். குறைவாகச் சொன்னவருக்குச் சாலை. அந்தத் தொகை சேர்ந்த நாளில் குத்தகை முடிகிறது. வண்டி குறைந்தால் குத்தகை நீளும், கூடினால் குறுகும், கம்பெனி இழப்பீடு கேட்டு அரசு வாசலில் நிற்க வேண்டியதில்லை. படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நம் ஒப்பந்தங்களில் முடிவுத் தேதி மட்டும் கல்வெட்டு மாதிரி இருக்கிறது, வசூல் எதிர்பார்த்ததைவிடக் கூடினால் என்ன என்ற கேள்விக்கு மக்கள் பக்கத்தில் உறுதியான பதில் இல்லை.

விலையை நிர்ணயிக்கத் தனி ஆணையம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் டல்லஸ் விமான நிலையத்திலிருந்து லீஸ்பர்க்குக்குப் போகும் 22 கிலோமீட்டர் தனியார் சாலை 1995-ல் திறந்தது. அதன் பெயர் டல்லஸ் கிரீன்வே. அங்கே கம்பெனி கட்டணம் ஏற்ற வேண்டுமென்றால் மாநில நிறுவன ஆணையத்தின் முன் மனுப் போட வேண்டும். ஆணையம் மூன்றைப் பார்க்கிறது: கொடுக்கும் காசுக்கு ஏற்ற பயன் ஓட்டுநருக்குக் கிடைக்கிறதா, இந்தக் கட்டணம் மக்களைச் சாலையை விட்டே விரட்டுமா, கம்பெனிக்கு நியாயமான லாபத்துக்கு மேல் போகிறதா. பொது விசாரணை உண்டு, யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். 2024-ல் உச்ச நேரக் கட்டணத்தை ஏற்ற கம்பெனி கேட்டதை ஆணையம் நிராகரித்தது.

இந்த இரண்டாவது கேள்வியை நம் ஊர் ஆட்கள் கவனிக்க வேண்டும். கட்டணம் மக்களைச் சாலையை விட்டு விரட்டுகிறதா? மலேசியக் கட்டண அட்டவணையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. நமக்கோ அதுதான் முதல் கேள்வி.

இது நம் நாட்டுக்குப் புதுசும் இல்லை. மின்சாரத்துக்கு எரிசக்தி ஆணையம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மின் கம்பெனியான தெனாகாவின் செலவுகளை அலசி அடிப்படைக் கட்டணத்துக்கு வரம்பு பார்க்கிறது. தண்ணீருக்கு ஸ்பான் என்ற நீர்ச் சேவை ஆணையம் இருக்கிறது. சாலைக்கு மட்டும் ஒப்பந்தம் எழுதிய அமைச்சும் கட்டணத்தைப் பார்க்கும் வாரியமும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. ஆணையம் வைத்தாலும் ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்தை அது உடைக்க முடியாது, உடைத்தால் மறுபடி இழப்பீடு. புதுக் குத்தகைக்கும் திருத்தப்படும் குத்தகைக்கும்தான் பயன்படும். விசாரணை என்றால் வக்கீல், கணக்காளர், மொத்தமான ஆங்கில அறிக்கைகள். கம்பெனிக்கு அதெல்லாம் கைவசம். நம் பக்கம் யார் போய் உட்காருவது? கிரீன்வே விசாரணைக்கு லவுடன் மாவட்ட நிர்வாகமே மக்கள் பக்கம் நின்றது. நம் ஊராட்சி மன்றம் அப்படி நிற்குமா என்று கேட்டால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலைகளுக்குச் சூத்திரமே வைத்துவிட்டார்கள். 2008 விதிப்படி ஆண்டுக்கு 3 விழுக்காடு, அதன்மேல் மொத்தவிலை உயர்வில் 40 விழுக்காடு. யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம், ஏப்ரல் வந்தால் தானாக ஏறும். அரசியல் தலையீடு குறையும் என்பது லாபம். நின்று யோசிக்க ஒரு ஆளும் இல்லை என்பது நட்டம்.

கம்பெனி விருப்பத்துக்கே விடுவது

இதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 407-ஆம் எண் நெடுஞ்சாலையை 1999-ல் 310 கோடி கனடிய டாலருக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. வண்டி எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே போகாதவரை கம்பெனி எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது ஒப்பந்தம். பிறகு வந்த அரசு 2004-ல் உயர்வைத் தடுக்க வழக்காடித் தோற்றது. இங்கிலாந்தில் 2003-ல் திறந்த எம்6 டோல் சாலையிலும் கட்டணம் கம்பெனி கையில். அங்கே கட்டணம் ஏறினால் ஓட்டுநர்கள் பக்கத்து இலவச எம்6-க்குப் போய்விடுகிறார்கள், அதுவே கட்டுப்பாடு. நம் நாட்டில் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த இலவசச் சாலை விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ரோடு

சிலிம் ரிவரில் பிளஸ் சாலைக்கு உண்மையான போட்டி அரசு இல்லை, ஆணையம் இல்லை, பழைய ரோடுதான். பிளஸ் லாரிக் கட்டணம் அதிகம் என்று தோன்றினால் லாரி பழைய ரோட்டில் திரும்பிவிடும். தெரிந்த ஒரு லாரிக்காரத் தம்பி சொன்னது: "அண்ணே, ராத்திரியில தவுன்ல யாரு இருக்கா? பழைய ரோட்டுலயே போயிட்டா டோலு மிச்சம், டீசலு கொஞ்சம் கூடும், பரவால்ல." அவர் கணக்கில் அவர் சொல்வது சரி. ஊர் கணக்கில்?

ராத்திரியில் மூன்று அச்சு லாரிகள் கடைவீதியைக் கடக்கும்போது கதவு அதிரும். செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றிய லாரி வளைவில் சாய்ந்தால் உதிரிப் பழம் கொட்டும், காலையில் அது நசுங்கி எண்ணெயாகக் கிடக்கும். பால் வெட்டப் போகும் மோட்டார் அதன்மேல் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டோல் கட்டாத மோட்டார்க்காரர் டோலுக்குக் கொடுக்கும் விலை இது. அரசு கிளாஸ் 1-ஐ மட்டும் பார்த்து, கனரக வண்டிகளின் கட்டணத்தை அப்படியே விட்டால், அந்த வண்டிகளை நம் தவுனுக்குள் தள்ளிவிடுகிறது.

கலிபோர்னியாவில் 91-ஆம் எண் சாலையில் 1995-ல் திறந்த கட்டண விரைவு வழிகளின் ஒப்பந்தத்தில், பக்கத்திலுள்ள இலவச வழிகளை மாநில அரசு அகலப்படுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. நெரிசல் முற்றியும் சாலையைத் தொட முடியவில்லை. கடைசியில் ஆரஞ்சு மாவட்டம் 2003-ல் 20 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து அந்தத் தனியார் வழிகளையே வாங்கியது. நம் பக்கத்தில் எந்த ஒப்பந்தத்திலாவது பழைய ரோட்டைச் சரிசெய்ய, தெரு விளக்குப் போட, வளைவை நிமிர்த்தத் தடை இருக்கிறதா? மகஜரில் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று இது. கேட்க ஒரு காசு செலவில்லை, பதில் எழுத்தில் வர வேண்டும்.

நான் சொல்வது

எல்லா வழிகளையும் அடுக்கிப் பார்த்தால், முடக்கி இழப்பீடு கொடுக்கும் வழி நம் ஊருக்கு மிக மோசம். கார் வைத்திருப்பவருக்காக மோட்டார்க்காரர் வரி கட்டுகிறார், லாரி கதை மாறுவதில்லை. குறைத்து நீட்டும் வழி நடந்து முடிந்தது. அதைத் திட்டிப் பயனில்லை. வாங்கிவிடும் வழியில் சேமநிதிக் கணக்கு இடிக்கிறது. வசூல் இலக்கு எட்டினால் குத்தகை முடிவது என்ற சிலி வழி, இனி வரும் எந்தப் புதுக் குத்தகைக்கும், ஒப்பந்தம் மறுபடி திறக்கப்பட்டால் பிளஸ்ஸுக்கும் வேண்டும் என்று கேட்கலாம். அது நீண்ட நாள் வேலை. ஆணையமும் அப்படித்தான். இரண்டையும் மகஜரின் பின்பகுதியில் வைக்கலாம்.

முன்பகுதியில் வர வேண்டியது கிளாஸ் 2, கிளாஸ் 3 லாரிகளுக்கு இரவு நேரக் கட்டணக் குறைப்பு. தஞ்சோங் மாலிம், பேராங், சிலிம் ரிவர், சுங்காய், பீடோர் நுழைவாயில்களுக்கு இடையே மட்டும் போதும். குறைந்த தூரம், இரவில் சாலையில் இடம் காலி, லாரி வந்து சேர்ந்தால் கம்பெனிக்குக் கூடுதல் வசூலாகவும் ஆகலாம். இழப்பீடு கேட்கவும் பெரிய காரணம் இராது. கிளாஸ் 1-க்குப் பெருநாள் தள்ளுபடி கொடுக்க முடிகிறதென்றால், இதைச் செய்ய ஒப்பந்தத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் சோதனையாக நடத்தி, பழைய ரோட்டில் எத்தனை லாரி குறைந்தது என்று நெடுஞ்சாலை வாரியம் எண்ணி வெளியிட வேண்டும். எண்ணாமல் கொடுக்கும் தள்ளுபடி அடுத்த தேர்தலோடு போய்விடும்.

இதற்கு லாரிக்காரர்களே எதிர்ப்புச் சொல்வார்கள் என்பது தெரியும். "இரவுக் கட்டணம் குறைத்தோமே, இனிப் பழைய ரோட்டில் இரவில் லாரி கூடாது" என்று அதிகாரிகள் தடை போட்டால், மில்லுக்குக் குலை ஏற்றிப் போகிறவர் என்ன செய்வார்? மில்கள் பழைய ரோட்டையும் அதன் கிளைச் சாலைகளையும் ஒட்டித்தான் இருக்கின்றன, பிளஸ்ஸில் ஏறி இறங்க அவருக்கு வழியே இல்லை. இந்த பயம் நியாயமானது. ஆகவே இரவுத் தடை எதையும் நாம் கேட்கவில்லை என்றும், அப்படி ஒன்று வந்தால் தோட்டத்திலிருந்து மில்லுக்குப் போகும் செம்பனை லாரிக்கு விலக்கு வேண்டும் என்றும் அதே கோரிக்கையின் அடியில் எழுதிவிடுவோம். குலை லாரிக்காரர்கள் கையெழுத்துப் போடாத மகஜரைக் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை.